நீல மூடி போட்ட வெள்ளைக் கேன்

அக்டோபர் 11, ஆயுத பூஜை, மாலை

(டைரியின் முதல் பக்கம் காலியாகக் கிடந்தது. வெற்றிச் செய்தி முதலில் வருவதே முறை என்பதால் இதை இங்கே எழுதுகிறேன்.)

நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொன்னேன். லாரியில் தண்ணீர் எங்கே போகிறது, எந்த வழியாகப் போகிறது, என்றைக்குக் கையும் களவுமாகப் பிடிபடும் என்பது வரைக்கும் சொன்னேன். யாரும் குறித்துவைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் நானே எழுதிவந்தேன். படிக்கிறவர்கள் தேதியைப் பார்க்கவும், கிழமையைப் பார்க்க வேண்டாம். இது உரக்கடையில் கொடுத்த போன வருஷத்து டைரி.

என் பெயர் அர்த்தநாரி. ஊர் சங்ககிரி. ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். பௌதிகத்தில் நான்தான் முதல். மார்க்கு வேறு மாதிரி வந்தது என்றால் அது திருத்தினவரின் குறை. 1987ல் காஷ்மீர் வரை லோடு லாரி கொண்டுபோனவன் இந்தத் தாலூகாவில் நான் ஒருவன்தான்.

இனி வரிசையாகப் படிக்கவும்.

செப்டம்பர் 14

அக்கா மகள் சாந்தாமணி ஆள் அனுப்பினாள். போனேன். அவள் அப்பா, என் மச்சான், தவறிப்போனதிலிருந்து அவருடைய லாரியை அவளேதான் நடத்துகிறாள். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வண்டியை விற்றுவிடு என்றார்கள். நான் ஒருவன் மட்டும்தான் “வெச்சுக்க சாந்தா, பாத்துக்கலாம்” என்றேன்.

லாரி அவளுக்குக் காது குத்தின வருஷம் வாங்கியது. அன்றிலிருந்து ஓட்டுகிறவன் சீரங்கன். தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் தீவன மில்லில் இறக்குவது வேலை.

இப்போது ஒரு வினோதம். ஒவ்வொரு டிரிப்பிலும் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஹோஸில் ஈரம் இல்லை. ஊற்றின தண்ணீர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

“மாமா, நாலு எடம் பாத்தவரு நீங்க. சித்த வந்து பாருங்க” என்றாள் சாந்தாமணி.

வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். டயரைத் தட்டினேன். பானட்டில் காதை வைத்தேன். “மூடி” என்றேன். ரேடியேட்டர் மூடி தேய்ந்துபோனால் ஆவி வெளியே போகும். இது ஒன்பதாம் வகுப்புப் பாடம்.

சீரங்கன் தலையைச் சொறிந்தான். “மூடி போன மாசந்தானுங்கண்ணா மாத்துனோம்.”

புது மூடியிலும் மோசமான மூடி உண்டு என்று விளக்கினேன்.

செப்டம்பர் 17

வேறு மூடி போட்டுப் போய்வந்தார்கள். தண்ணீர் குறைந்திருக்கிறது. மூடி என்று நான் சொன்னது அந்த ஒரு மூடியை மட்டும் அல்ல. ஒரு வண்டியில் மூடியிருக்க வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 20

என் யோசனைப்படி லாரிக்கு அடியில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பிவைத்தோம். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பின் சக்கரத்துப் பக்கம் ஒரு தாள் நன்றாக நனைந்திருந்தது. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோய், “இதுதான் கசிவு. ரேடியேட்டர் தண்ணிதான். வாசனையே சொல்லுது” என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தேன்.

“ரேடியேட்டர் முன்னாடியல்லங்க மாமா இருக்குது?” என்றாள் சாந்தாமணி. பிறகு சக்கரத்துக்குப் பின்னால் படுத்திருந்த நாயைக் காட்டினாள்.

விஞ்ஞானத்தில் இதெல்லாம் சகஜம். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அப்போது சீரங்கன் சம்பந்தமில்லாமல் ஒன்று சொன்னான். லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்வது. காற்றைச் சேர்த்துவைக்க அடியில் ஒரு டேங்க் இருக்கும். அதில் ஈரம் சேரும் என்பதால் தினமும் டிரைவர் அடியில் உள்ள வளையத்தை இழுத்து அதைத் திறந்துவிட வேண்டும். அதை அவன் செய்துகொண்டே, “அண்ணா, ஏர் டேங்குல இப்பெல்லாம் நெம்பத் தண்ணி வருதுங்க. முன்ன ரெண்டு சொட்டு வரும், அவ்வளவுதான்” என்றான்.

பாவம், படிக்காதவன். “சீரங்கா, இது பொரட்டாசி மாசம். காத்துல ஈரம் சாஸ்தி. காத்த அமுக்குனாத் தண்ணி வரத்தான் செய்யும். நீ தேடறது ரேடியேட்டர் தண்ணி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றேன்.

“சரிங்கண்ணா” என்றான். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிற ஆள்தான்.

செப்டம்பர் 24

மெக்கானிக் ஜமால் பாய் வந்தார். ஆயில் பார்த்தார், புகை பார்த்தார். “ஆயில்ல தண்ணி கலக்கல. பொகையும் வெள்ளையா இல்ல. ஆனாலும் வேற எங்கதான் போவும்? ஹெட்டைக் கழட்டித்தான் பாக்கணும்” என்றார். நான் மனதுக்குள் ஏற்கனவே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினைப் பிரித்தால் வண்டி எத்தனை நாள் நிற்கும் என்று அவருக்கே தெரியாது. வண்டி நின்றால் தீவன மில்காரர்கள் டிரிப்பை வேறு லாரிக்குக் கொடுத்துவிடுவார்கள். சாந்தாமணி முன் சக்கரத்தின் மேல் கை வைத்து நின்றாள். அப்படி நிற்கும்போது மச்சான் மாதிரியே இருக்கிறாள்.

கடைசியில், இன்னும் ஒரு டிரிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெறும் தண்ணீருக்குப் பதில் பச்சைக் கூலன்ட் ஊற்றினார்கள். எங்கே ஒழுகினாலும் பச்சைக் கறை காட்டிக்கொடுக்கும் என்றார் ஜமால் பாய். விலை உயர்ந்த சரக்கு. ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று சாந்தாமணி புனல் வைத்து ஊற்றினாள்.

“கூட ஒருத்தரு போனா நல்லாருக்கும். வழியில எங்க கொறையுதுன்னு கண்ணாலப் பாத்துச் சொல்லோணும்” என்றாள்.

யார் போவது என்ற கேள்விக்கே இடமில்லை.

செப்டம்பர் 28, தாவணகெரே

மண்டிக்கு வெளியே லாரி நிற்கிறது. போகும் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தையே கூர்ந்து கவனித்துவந்தேன். கண்ணைத் திறந்திருந்தால் காது மங்கிவிடும் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும்.

சீரங்கன் ஏர் டேங்கைத் திறந்துவிட்டு வந்து விரலைத் தேய்த்துக் காட்டினான். “அண்ணா, இந்தத் தண்ணி வழவழன்னு இருக்குதுங்க. ஒரு மாதிரி இனிச்ச வாடை. இருட்டுல நெறந்தான் தெரியல.”

“டேங்குல ஆயில் ஏறியிருக்கும். ஆயிலு வழவழன்னுதான் இருக்கும்” என்றேன். இவனுக்கு இந்த ஏர் டேங்கை விட்டால் வேறு நினைப்பே இல்லை.

இங்கே பெண்ணெ தோசை நன்றாக இருக்கிறது. வெண்ணெய் போடுகிறார்கள்.

செப்டம்பர் 30

வீட்டுக்கு வந்தாயிற்று. காவேரிப்பட்டணம் தாண்டியதும் லாரி கொதித்துவிட்டது. சீரங்கன் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, தொப்பூர் இறக்கத்தில் ஊர்ந்து இறங்கி, ஒருவழியாக நாமக்கல் சேர்த்தான். இறக்கத்தில் பிரேக் சித்தெ பிடிமானம் இல்லாமல் இருக்கிறது என்றான். பயந்த சுபாவம்.

லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினதும் சாந்தாமணி என்னிடம் நேராக வந்தாள். மற்றவர்களிடம் கேட்கவில்லை. “மாமா, நீங்க கூடவே இருந்தீங்க. பச்சைத் தண்ணி எங்க போச்சு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜமால் பாய், அவர் பட்டறை ஆட்கள், எதிர் வீட்டு ஜனங்கள் எல்லோரும். அந்த இடத்தில் தெரியாது என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எப்படி நாக்கு வரும்? சொன்னேன். காவேரிப்பட்டணத்து டீக்கடையில் லாரி நின்றபோது சீரங்கன் ரேடியேட்டருக்கு அடியில் உள்ள குழாயைத் திறந்து ஒரு கேனில் பிடித்து, யாருக்கோ கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

சீரங்கன் அப்போது எடை ரசீதைக் கொடுக்க உள்ளே போயிருந்தான். அதனால் அவனுக்குக் கேட்கவில்லை.

“என்ன கேனு?” என்றாள் சாந்தாமணி.

“வெள்ளைக் கேன்.”

கேபினிலிருந்து இறங்கும்போது ஒரு துண்டு என்னோடு வந்துவிட்டது. பச்சைக் கட்டம் போட்டது. வழியில் அது என் முகத்தின் மேல் கிடந்தது. ஜன்னலில் காயப்போட்டிருந்தது காற்றில் விழுந்திருக்கும். நல்ல கனமான துண்டு.

அக்டோபர் 1

சாந்தாமணி சீரங்கனைக் கூப்பிட்டுக் கேட்டாள். நானும் இருந்தேன். இருக்க வேண்டாம் என்றுதான் பார்த்தேன், அவள் விடவில்லை.

“சீரங்கண்ணா, மாமா பாத்தேங்கறாரு. நீங்க சொல்லுங்க.”

சீரங்கன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். “எந்தக் கடைங்கண்ணா?”

“காவேரிப்பட்டணத்துக் கடை. புளியமரம் பக்கத்துல.”

“அப்ப நீங்க முழிச்சிட்டிருந்தீங்களா?”

“கண்ணு மூடியிருக்கும். மனசு முழிச்சிருக்கும்.”

“சரிங்கண்ணா” என்றான். அவ்வளவுதான். வழக்கமாகச் சொல்கிற அதே சரிங்கண்ணா. லாரிச் சாவியை ஜன்னல் திட்டில் வைத்தான். வைத்துவிட்டு மறுபடி எடுத்தான், வேட்டி முனையில் துடைத்தான், வைத்தான். “அம்மிணி, செகண்ட் கியரு சித்தெ மொரண்டு புடிக்கும். வெரட்டாம, கெஞ்சிப் போடச் சொல்லுங்க, வாரவனை” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவனுக்கு வயசாகிவிட்டது. இந்தப் பழைய வண்டியை விட்டால் வேறு எந்த முதலாளியும் அவனைச் சீட்டில் உட்காரவைக்க மாட்டார்கள் என்று ஜமால் பாய் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

அக்டோபர் 2

மழை. லாரி வாசலில் நிற்கிறது. கேனுக்கு மூடி நீலம். நேற்று எழுத மறந்துவிட்டேன்.

அக்டோபர் 5

டிரைவர் வேண்டும் என்று சொல்லிவைத்ததில் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவன் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது லாரியா செக்கா என்றான். இன்னொருவன் இறங்கவே இல்லை, பைக்கில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

தீவன மில் மேனேஜர் போன் செய்தார். விஜயதசமி கழிந்ததும் லோடு கட்டாயம் ஏற்ற வேண்டும், முடியாவிட்டால் இப்போதே சொல்லிவிடு, வேறு வண்டி வைத்துக்கொள்கிறேன் என்றாராம்.

“மாமா, நீங்க ஓட்டுங்க” என்றாள் சாந்தாமணி.

“நானா?”

“காஷ்மீர் போனவருக்குத் தாவணகெரே எட்டாதுங்களா?”

முழங்காலில் ஒரு வலி இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். சின்ன வயசில் பனியில் வண்டி ஓட்டினதின் விளைவு. அப்புறம் லைசென்சு விஷயமும் இருக்கிறது. அது பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, பெட்டிதான் எங்கே என்று தெரியவில்லை.

“அப்ப வண்டிய வித்துப்போடறேன். நீங்கதான மொதல்ல சொன்னீங்க, வித்துப்போடுன்னு” என்றாள்.

அவளுக்கு ஞாபகமறதி. அப்பாவை இழந்த துக்கத்தில் இருக்கிறாள்.

அக்டோபர் 8

வழியில் சீரங்கன் எதிரில் வந்தான். சைக்கிளில் ஆட்டுக்குத் தழை. “சவுக்கியங்களாண்ணா” என்று கேட்டுவிட்டுப் போனான். குற்றமுள்ளவன் இப்படிச் சிரித்த முகமாக இருப்பது வழக்கத்துக்கு மாறானது. குறித்துவைக்கிறேன்.

கேனின் கைப்பிடி கம்பியால் ஆனது.

அக்டோபர் 10

நாளைக்கு ஆயுத பூஜை. லாரியைக் கழுவ ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும். “ஏரி வரைக்குமாச்சும் ஓட்டுங்க மாமா, பக்கத்துலதானே” என்றாள் சாந்தாமணி. புறப்படும் முன் ரேடியேட்டரில் அவளே தண்ணீர் நிரப்பினாள். ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு நீர்மட்டத்துக்கு நேராகக் கத்தியால் கீறி அடையாளம் வைத்தாள்.

ஓட்டினேன். நான் ஓட்டின லட்சணத்தை ஏரிக்கரையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். வாசல் தூணில் லேசாகப் பட்டது. அந்தத் தூண் முன்பு அந்த இடத்தில் இல்லை. கழுவி முடிக்கும்வரை இன்ஜினை நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் மறுபடி கிளப்புவது சிரமம் என்பதற்காக அல்ல, இன்ஜினுக்கு அது நல்லது.

வீடு திரும்பினதும் சாந்தாமணி மாவிலை பறிக்கப் போனாள். ஆறினபின் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் கீறலுக்கு நெடுந்தூரம் கீழே இருந்தது.

சீரங்கன் வண்டிப் பக்கமே வரவில்லை. கேனும் இல்லை, டீக்கடையும் இல்லை. ஏரிக்கும் வீட்டுக்கும் நடுவில் நான் ஒருவன்தான் வண்டியில் இருந்தேன்.

இதைச் சாந்தாமணி பார்த்தால் அவள் புத்தி தப்பான திசையில் ஓடும். பெண்பிள்ளைகள் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடுவார்கள். அதனால் விஞ்ஞானக் காரணங்களை முன்னிட்டுக் குறைந்த தண்ணீரை நிரப்பிவைப்பது நல்லது என்று தீர்மானித்தேன். கைக்குக் கிட்டத்தில் ஒரு குடம் இருந்தது. ஊற்றினேன். கீறல் வரை சரியாக வந்தது.

குடத்தில் இருந்தது நாளைக் காலையில் வண்டிக்குத் தெளிக்கக் கரைத்துவைத்த மஞ்சள் தண்ணீர் என்பது ஊற்றி முடித்தபின் தெரிந்தது. தெரிந்தபின் ஒன்றும் செய்வதற்கில்லை. வேறு தண்ணீரில் வேறு மஞ்சள் கரைத்துவைத்தேன். என் வாழ்நாளில் முதல்தடவையாக மஞ்சள் கரைத்தேன். கையில் கறை இன்னும் போகவில்லை.

அக்டோபர் 11, அதே நாள், விவரமாக

வண்டிக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாலை எல்லாம் ஆயிற்று. “காலையிலேயே கெளப்பி நல்லா ஓட வுடுங்க, சத்தம் கேக்கணும்” என்று ஜமால் பாய் சொல்லியிருந்தார். வெகுநேரம் ஓடவிட்டோம். அவர் பானட்டில் காதை வைத்துக் கேட்டார். நான் முதல் நாளே கேட்ட அதே இடம்.

நிறுத்தி ஆறவிட்டுப் பூஜை முடித்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வண்டியை நகர்த்தும் முன், “சீரங்கண்ணன் இருந்தா மொதல்ல இதைத்தான் பண்ணும்” என்று சொல்லிக்கொண்டே சாந்தாமணி குனிந்து ஏர் டேங்க் வளையத்தை இழுத்தாள்.

புஸ்ஸென்று பீய்ச்சி அடித்தது. அவள் போட்ட கோலத்தின் மேல், அவள் புடவையின் மேல், என் வெள்ளை வேட்டியின் மேல், பளிச்சென்று மஞ்சள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. “தாயே! வண்டியில எறங்கிட்டியா!” என்று தரையில் விழுந்தேன். எதிர் வீட்டம்மா ஓடிவந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். நானும் கொஞ்சம் ஆடினேன் என்று சொல்கிறார்கள், எனக்கு நினைவில்லை.

சாந்தாமணி மட்டும் விழவில்லை. விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாள். நேராக முன்னால் போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். திரும்பி என் கையைப் பார்த்தாள்.

“மாமா. ரேடியேட்டருல மஞ்சத் தண்ணி ஊத்துனது யாரு?”

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டேன். “நாந்தான். டெஸ்ட். ரேடியேட்டருல ஊத்துனது எங்க வருதுன்னு பாக்கறதுக்கு. பச்சை ஒங்களை ஏமாத்திருச்சு, மஞ்சள் ஏமாத்தாதுன்னு எனக்குத் தெரியும்.”

ஜமால் பாய் தன் தலையில் தானே ஒன்று போட்டுக்கொண்டார். “கம்ப்ரஸரு! அடப்பாவி, கம்ப்ரஸரு!” பிரேக்குக்குக் காற்று அடைக்கிற கம்ப்ரஸர் சூடாகாமல் இருக்க ரேடியேட்டர் தண்ணீர்தான் அதைச் சுற்றி ஓடுகிறதாம். அதன் தலையில் உள்ள கேஸ்கெட் கிழிந்து, தண்ணீர் காற்றோடு கலந்து டேங்குக்குப் போயிருக்கிறது. கழற்றிக் காட்டினார். உள்ளங்கை அகலத் தகடு, ஓரத்தில் நகம் நுழைகிற அளவு கிழிசல். இன்ஜினைப் பிரிக்கவே தேவையில்லை. பொழுது சாய்வதற்குள் புதுசு போட்டுவிட்டார்.

“பிரேக் டேங்குல இந்தத் தண்ணியோட தொப்பூர் எறக்கம் எறங்கிருக்கறாரு சீரங்கண்ணன்” என்று சாந்தாமணி மெதுவாகச் சொன்னாள். பூஜை நாளில் அப்படிப் பேசக்கூடாது.

ஊரே என்னைப் பாராட்டியது. முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

அக்டோபர் 12, விஜயதசமி

நேற்று எழுதினதோடு முடித்திருக்கலாம்.

காலையில் சாந்தாமணி சீரங்கன் வீட்டுக்குப் போய்ச் சாவியை நீட்டியிருக்கிறாள். அவன் வாங்கவில்லை. “கசிவு கெடச்சது சந்தோசமுங்க அம்மிணி. ஆனா அந்தக் கேனு என்னாச்சுங்க? அது கெடக்கறவரைக்கும் நா திருடந்தானுங்க. திருடங்கையில சாவி குடுக்காதீங்க” என்றானாம்.

வந்து என் முன்னால் நின்றாள். “தண்ணி டேங்குக்குப் போயிருக்குது மாமா. அப்பறம் கேனுக்குள்ள எது போச்சு?”

நல்ல கேள்வி. யோசித்துப் பதில் சொன்னேன். அன்றைக்கு டீக்கடையில் சீரங்கன் மாதிரியே இன்னொரு டிரைவர் இருந்திருக்கலாம். அதே உயரம், அதே வழுக்கை. மைசூர்ப் பக்கத்து ஆளாக இருக்கலாம். கேனில் இருந்தது மோராகக்கூட இருக்கலாம்.

“பச்சை மோருங்களா?”

“மல்லித்தழை போட்டிருப்பான்.”

சாந்தாமணி சிரிக்கவில்லை. “சரி மாமா. அந்த ஆளைத் தேடிக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் லோடுக்கு நீங்கதான் போவோணும். நாளைக்கு மத்தியானம் வண்டி கெளம்போணும்னு மில்லுல சொல்லிட்டேன்.” லாரிச் சாவியை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

வாசலில் லாரி நிற்கிறது. மாலையோடு. இங்கிருந்து பார்த்தால் மிகப் பெரிதாகத் தெரிகிறது.

அக்டோபர் 13

காலையில் அந்தப் பச்சைக் கட்டம் போட்ட துண்டைத் துவைத்தேன். காய்ந்ததும் மடித்து எடுத்துக்கொண்டு சீரங்கன் வீட்டுக்குப் போனேன். லாரிக்காகப் போகவில்லை. அடுத்தவன் பொருளைத் திருப்பிக் கொடுப்பது என் சுபாவம்.

ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். “வாங்கண்ணா, ஒக்காருங்க” என்று கட்டிலை இழுத்துப் போட்டான்.

“உன்ற துண்டு. கேபின்ல கெடந்துச்சு.”

“கெடக்கலீங்க. நாந்தான் போத்துனன்.” துண்டை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டான். “காவேரிப்பட்டணத்துல டீக்கு நிறுத்துனப்ப வெயிலு உங்க மூஞ்சில சுள்ளுனு அடிச்சுது. எழுப்பலாம்னு பாத்தன். கொறட்டை அப்புடி வந்துச்சு. சரி, மனுசன் அலுத்துப் படுத்திருக்கறாருன்னு மூஞ்சில இதைப் போட்டுட்டு எறங்கிப் போனன். டீ குடிச்சு வந்து வண்டியக் கெளப்புனன். அப்பவும் நீங்க முழிக்கலீங்க.”

கட்டிலோரம் கிடந்த ஒரு தழையை எடுத்து ஆட்டிடம் நீட்டினேன்.

“அன்னிக்கே இதை ஏன்டா சாந்தாகிட்டச் சொல்லல?”

“எப்புடிங்கண்ணா? அவிய வாசல்லயே நின்னுக்கிட்டு, அவிய மாமன் பொய் சொல்றாருன்னு நா சொல்றதுங்களா? நாளைக்கு அவிய ஊட்டு நல்லது கெட்டதுக்கு நீங்கதானுங்களே முன்னால நிக்கோணும்.” தழைக்கட்டை முடிந்தான். “நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தன். அந்தத் தண்ணி வழவழன்னு இருக்குதுன்னு சொன்னதைத்தான் நீங்க நம்பல. இதுக்காவது வருவீங்கன்னு நெனச்சன்.”

“இப்ப வா. வண்டி கெளம்போணும்.”

“வாரனுங்க. ஆனா அம்மிணிகிட்ட நீங்க சொல்லோணும். நா பக்கத்துல நிக்கறப்ப.”

இரண்டு பேரும் நடந்தே போனோம். வழியில் என் முழங்கால் நன்றாக வலித்தது, இந்தத் தடவை நிஜமாகவே.

வாசலில் சாந்தாமணி இருந்தாள். ஜமால் பாய் கடைசியாக ஒரு போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். “சாந்தா, 1987ல காஷ்மீர் ரோட்டுல பனி பெய்யறப்போ, தூரத்துல இருக்கறது எல்லாம் ஒரு மாதிரி வெள்ளையா…”

“மாமா. கேனு இருந்துதா, இல்லியா?”

“இல்ல.”

என் ஆயுசில் நான் சொன்ன மிகச் சின்னப் பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். சாந்தாமணி என் கையிலிருந்த சாவியை வாங்கி இரண்டு கையாலும் சீரங்கனிடம் கொடுத்தாள். “என்னைய மன்னிச்சுக்கங்கண்ணா. கேக்காம நம்பிப்போட்டேன்” என்றாள். அவன் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வண்டியைக் கிளப்பி, காற்று ஏறட்டும் என்று ஓடவிட்டு, இறங்கிக் குனிந்து ஏர் டேங்க் வளையத்தை இழுத்தான். புஸ்ஸென்று வந்தது. கையை வைத்துப் பார்த்தான். காய்ந்த கையை எங்களிடம் காட்டினான்.

“வெறுங் காத்துதானுங்க அம்மிணி.”

அதற்கு எதற்காக அவர்கள் மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

லாரி போய்விட்டது. சாந்தாமணி எனக்குக் காப்பி கொடுத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். நான் கேட்கவில்லை.

இந்த டைரியைப் படிப்பவர்களுக்கு: மூடி, செய்தித்தாள், மஞ்சள் டெஸ்ட், காஷ்மீர், எல்லாம் எழுதினபடியே நடந்தவை. அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் செப்டம்பர் முப்பதாம் தேதியில் ஒரு வெள்ளைக் கேன் வருகிறது அல்லவா, அதை நான் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் நான் அவனுடைய துண்டுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

நீல மூடியும் கிடையாது.